விற்பனைக்கு வராத 75 வீதம்

மே 3 உலக ஊடக சுதந்திர தினம். அதற்கான பக்கத்தை இன்று பின்னேரம் ஐந்து மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமையாகச் சேர்ந்த வாசகர் கடிதங்களும் மின்னஞ்சல்களும் மேசையில் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே குழப்பம்தான். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதித் தொடர்மாடியிலிருந்து ஒரு தாய் எழுதுகிறார்: "என் மகன் பத்திரிகையைத் தொடுவதே இல்லை. சுயாதீன ஊடகம் என்று சொல்லிக் கைத்தொலைபேசியில் எதையோ வாசிக்கிறான். அதற்கெல்லாம் அரசாங்க அங்கீகாரம் இருக்கிறதா?" கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்கிறார்: "அரசாங்கப் பத்திரிகை தெரியும், தனியார் பத்திரிகை தெரியும். தனியார் என்றால் சுயாதீனம்தானே? பிறகென்ன மூன்றாவது ஒன்று?"

இரண்டாவது கேள்விதான் ஆணிவேர். அதற்குப் பதில் சொன்னால் முதலாவதும் தெளிந்துவிடும்.

சுயாதீன ஊடகம் என்பதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: எந்தச் செய்தி வரக்கூடாது என்று தீர்மானிக்கும் பலம் ஆசிரியபீடத்துக்கு வெளியே எவரிடமும் இல்லாத ஊடகம். என்ன எழுதுகிறார்கள் என்பதை வாசகர் தானே பார்த்துக்கொள்ளலாம். என்ன எழுதாமல் விடுகிறார்கள் என்பதுதான் அவர் கண்ணுக்குத் தெரியாதது.

வெள்ளவத்தைக்காரருக்கும் கொட்டாஞ்சேனைக்காரருக்கும் இதை ஒரு திகதியால் விளக்கலாம். 2007 ஜூன் 7, அதிகாலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். மொத்தம் 376 பேர், அவர்களில் 85 பேர் பெண்கள். பெரும்பாலானோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். "காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போர்" என்று அதிகாரிகள் சொன்னார்கள். கடவுச்சீட்டுக்குக் காத்திருப்பதும், பெரியாஸ்பத்திரி கிளினிக் திகதிக்குக் காத்திருப்பதும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையின் விசாக் கடிதத்துக்குக் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் காரணமாக எடுபடவில்லை. அவர்கள் விரும்பித்தான் போனார்கள் என்றும் ஒரு விளக்கம் வந்தது. மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனு மீது உயர் நீதிமன்றம் இந்த வெளியேற்றத்தைத் தடுத்து நிறுத்தியது. சில நாட்களில் பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க மன்னிப்புக் கேட்டார். விரும்பிப் போனவர்களுக்காக எந்தப் பிரதமரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அதே ஜூன் மாதம்தான் 'தமிழ்நெற்' இணையத்தளம் இலங்கையில் திறக்க முடியாமல் போனது. அதற்குச் சுமார் ஆறு மாதங்களுக்கு முன், 2006 முடிவில், அதே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 'கிரவுண்ட்வியூஸ்' தளத்தை ஆரம்பித்திருந்தது. தமிழில் 'மாற்றம்' பின்னால் வந்தது. பக்கத்து அறைக்காரரின் பை படிக்கட்டில் கிடக்கக் கண்ட ஒருவர், "விரும்பிப் போனார்கள்" என்ற வரியை வாசிக்கும்போது என்ன செய்வார்? வேறெங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவார். தான் கண்ணால் கண்டது வேறு மாதிரி அச்சாகி வரும் நாளில்தான் வாசகர் கைமாறுகிறார். தொழில்நுட்பம் அவரை இழுத்துக்கொண்டு போனது என்று மாநாடுகளில் பேசுகிறார்கள். அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. இணையம் வருவதற்கு முன்பே, 1990 இல், இனங்களுக்கிடையிலான நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் கொழும்பிலிருந்து 'சரிநிகர்' பத்திரிகையைக் கொண்டுவந்தது. ஒரு பிரதி பல வீடுகளுக்குப் போய்த் திரும்பும். அந்த வாசகர்களை எந்தக் கைத்தொலைபேசியும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

இனி, என்னை நெடுநாளாக உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்.

ஏரிக்கரை நிறுவனம் என்று நாம் சொல்லும் லேக் ஹவுஸை டி. ஆர். விஜேவர்தன கட்டியெழுப்பினார். 'டெய்லி நியூஸ்' 1918 இல் வந்தது, நமது 'தினகரன்' 1932 இல். அந்த நிறுவனம் ஒரு பக்கச் சார்பானது, நாட்டின் பத்திரிகை உலகைக் கையில் வைத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டு பொய்யில்லை. இடதுசாரிகளுக்கு அங்கே என்ன இடம் கிடைத்தது என்பதை அந்தக் காலத்தவர்கள் அறிவார்கள். 1964 இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் லேக் ஹவுஸில் கைவைக்க முயன்று, டிசம்பர் 3 ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஒரே ஒரு வாக்கால் தோற்று வீட்டுக்குப் போனது. 1970 இல் திரும்பி வந்தவர்கள் 1973 இல் அந்தக் காரியத்தை முடித்தார்கள்.

முடித்த விதம்தான் கெட்டிக்காரத்தனமானது. 1973 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், லேக் ஹவுஸை அரசாங்கம் சுவீகரிக்கிறது என்று சொல்லவில்லை. பங்குடைமையைப் பரவலாக்குகிறோம் என்றே சொன்னது. பழைய பங்குதாரர்களுக்கு 25 வீதம் மிஞ்சியது. மற்ற 75 வீதப் பங்குகள் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் போயின. பிறகு அவை மக்களுக்கு விற்கப்படும், எந்த ஒருவரும் 2 வீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. வாசித்துப் பார்த்தால் நல்ல சட்டம். ஒரு குடும்பத்திடம் இருந்தது ஆயிரக்கணக்கான வாசகர்களிடம் போகப்போகிறது என்றுதான் தோன்றும்.

பொது நம்பிக்கைப் பொறுப்பாளர் யார் என்று நினைத்துப் பாருங்கள். மரண சாசனச் சொத்துகளையும் தர்ம நிதியங்களையும் உரியவர் வரும் வரை பராமரிக்கும் திணைக்களம் அது. ஒரு கிழவர் கோயிலுக்கு எழுதிவைத்த வீட்டின் வாடகைக் கணக்கு இருக்கும் இடத்தில், நாட்டின் மிகப்பெரிய பத்திரிகை நிறுவனத்தின் முக்கால்வாசியும் வந்து உட்கார்ந்தது. உரியவர் என்று சட்டம் சொன்னது நம்மை. நாம் வந்து எடுத்துக்கொள்ளும் வரை அரசாங்கத்தின் சார்பில் வைத்திருப்பதாகத்தான் ஏற்பாடு.

விற்கவே இல்லை. சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. 1977 இல் ஆறில் ஐந்து பெரும்பான்மையோடு வந்த ஜே. ஆர். ஜயவர்தன, எதிர்க்கட்சியில் இருந்தபோது தன்னை அடித்த அதே கம்பைக் கையில் எடுத்துக்கொண்டார். 1994 இல் சந்திரிகா குமாரதுங்க பரவலாக்கல் வாக்குறுதியோடு வந்தார், வாக்குறுதி அப்படியே நின்றது. அதன் பிறகு மகிந்த, சிறிசேன-ரணில், கோத்தாபய, இப்போது அநுர குமார. ஒவ்வொரு ஆட்சி மாற்றத்திலும் தலைவர், பணிப்பாளர் சபை, பிறகு ஆசிரியர்கள் என்று மாற்றம் கீழே இறங்கும். நேற்று எதிர்க்கட்சித் தலைவராக உள்பக்கத்தில் ஒரு மூலையில் கிடந்தவர் இன்று முதற்பக்கத்தில் நாடாவை வெட்டிக்கொண்டு நிற்பார். அங்கே வேலை செய்யும் என் நண்பர்கள் திறமையானவர்கள், தொழில் தெரிந்தவர்கள். அவர்கள் தங்கள் தமிழை யாருக்காகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு மனம் நோகிறது.

இந்த ஏற்பாட்டில் எவரும் ஒரு சட்டத்தையும் மீற வேண்டியதில்லை. யாரையும் மிரட்டவும் வேண்டியதில்லை. ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் போதும். ஊடகத்தைக் கைப்பற்றும் அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போகலாம், விற்காமல் இருக்கும் ஒரு கோப்பை எதிர்த்து எங்கே ஊர்வலம் போவது?

முத்திரை வைத்த கதையும் உண்டு. அடுத்த வருடமே, 1974 ஏப்ரலில், அவசரகாலச் சட்டத்தின் கீழ் இன்டிபென்டன்ட் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனம் மூடி முத்திரையிடப்பட்டது. 'தினபதி', 'சிந்தாமணி' இரண்டும் அதோடு நின்றன. 1977 இல்தான் கதவு திறந்தது. அதை எல்லோரும் அடக்குமுறை என்று அடையாளம் கண்டார்கள். 75 வீதத்தை யாரும் அந்தப் பெயரால் அழைப்பதில்லை.

ஜம்பட்டா வீதி ஐயாவின் கேள்விக்கு இப்போது வருவோம். தனியார் என்றால் சுயாதீனமா? லேக் ஹவுஸை இழந்த குடும்பத்தின் ரஞ்சித் விஜேவர்தன பிறகு கட்டியதுதான் விஜய நியூஸ்பேப்பர்ஸ். ரணில் விக்கிரமசிங்க அவருடைய சகோதரியின் மகன். தெரண அலைவரிசையின் பின்னால் அறியப்பட்ட திலித் ஜயவீர 2024 ஜனாதிபதித் தேர்தலில் வேட்பாளர், பிறகு பாராளுமன்ற உறுப்பினர். ஹிருவையும் நம் வீடுகளில் ஒலிக்கும் சூரியன் எஃப்.எம்.மையும் நடத்தும் நிறுவனத்தின் தலைவருடைய சகோதரர்தான் துமிந்த சில்வா. கொலை வழக்கில் மரண தண்டனை பெற்று, 2021 இல் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தவர். அந்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. இந்த அலைவரிசைகளில் வரும் செய்தியெல்லாம் வளைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வழக்கின் செய்தியை அந்த வானொலியில் கேட்கும் ஒருவர், இன்னொரு இடத்திலும் ஒரு தடவை பார்ப்போம் என்று நினைத்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

காசு கொடுத்து வாங்கும் வழியும் இருக்கிறது. லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி கொல்லப்பட்ட பிறகும் அவருடைய 'சண்டே லீடர்' நிற்கவில்லை. 2012 இல் அதன் 72 வீதப் பங்குகள் கைமாறின. கொஞ்ச நாளில் ஆசிரியர் பிரெட்ரிக்கா ஜான்ஸ் வெளியேற்றப்பட்டார்.

இன்னொன்று, நானே கண்டது. பல வருடங்களுக்கு முன் நான் உதவி ஆசிரியராக இருந்த ஒரு பத்திரிகையில், பெயர் வேண்டாம், ஒரு கட்டடத் தளத்தில் விழுந்து இறந்த மலையகப் பையனைப் பற்றி எட்டு வரிச் செய்தி எழுதினேன். பத்தொன்பது வயது. அவனுடைய தகப்பன் பிரேத அறை வாசலில் சாரத்தின் முனையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தார், பெட்டிக்குப் போதுமா என்று. இரவு ஒன்பதரைக்குப் பக்கம் கட்டி முடிந்திருந்தது. விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் படியேறி வந்து, அரைப் பக்க விளம்பரம் ஒன்று கடைசி நேரத்தில் கிடைத்திருக்கிறது என்றார். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர்களின் விளம்பரம். யாரும் என்னிடம் செய்தியைத் தூக்கு என்று சொல்லவில்லை. இடம் இல்லை என்றார்கள். உண்மையில் இடம் இல்லைதான். அடுத்த நாளும் இடம் இருக்கவில்லை. அந்தப் பையனின் பெயர் எங்கும் அச்சாகவில்லை. நான் அன்றிரவு சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

இணையத்தளங்கள் பதிவு செய்யப்பட்டவையா? 2011 நவம்பரில் பதிவு கட்டாயம் என்றார்கள், 2012 இல் அதற்கு ஒரு இலட்சம் ரூபா கட்டணம் என்றார்கள். பதிவு என்பது முகவரி இருக்கிறது என்பதற்கு மட்டும் சான்று.

வெளிநாட்டுக் காசில் நடப்பவைதானே? சில அப்படித்தான். யார் தருகிறார்கள் என்று வெளியே சொல்கிறார்களா என்று பாருங்கள். அதே கேள்வியை உங்கள் தொலைக்காட்சியிடமும் கேளுங்கள்.

அவற்றிலும் பொய் வருகிறதே? வருகிறது. கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு கத்தும் ஒருவர் அதனாலேயே சுயாதீன ஊடகமாகிவிட மாட்டார். ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்து ஒரு மாதத்தில், 2019 மே 23 ஆம் திகதி, வைத்தியர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்ற கதை வந்தது பெயர்பெற்ற 'திவயின' பத்திரிகையின் முதற்பக்கத்தில். மறுநாள் குருணாகல் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதையும் காணவில்லை.

2022 இல் சமூக ஊடகங்கள் நின்றது ஏன்? மார்ச் 31 இரவு மிரிஹானையில் மக்கள் திரண்டார்கள், ஏப்ரல் 3 ஆம் திகதி பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு அவற்றை நிறுத்தியது. "அமைதியைப் பேண" என்றார்கள். ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்னைப் பாதிக்குமா? 2024 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் அது. ஜனாதிபதி நியமிக்கும் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு ஒரு கூற்றைப் பொய் என்று தீர்மானித்தால், எழுதியவர் 24 மணித்தியாலத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். "விரும்பிப் போனார்கள்" என்று சொன்ன அதே அரச இயந்திரம், எது பொய் என்று தீர்மானிக்கும் ஐவரையும் நியமிக்கும் என்பதால் பயப்படுகிறேன்.

பத்திரிகையை நிறுத்திவிடவா? நிறுத்த வேண்டாம், அம்மா. மன்னாரிலும் மூதூரிலும் நீதிமன்ற வாசலில் நாள் முழுக்க நிற்கும் பிராந்தியச் செய்தியாளர் பெரும்பாலும் பத்திரிகைக்காரர்தான். உங்கள் மகன் வாசிக்கும் தளங்களும் பலமுறை அவருடைய செய்தியிலிருந்துதான் தொடங்குகின்றன. மரண அறிவித்தல் பக்கத்தை முதலில் விரிக்கும் பழக்கம் எனக்கும் உண்டு.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம். ஜம்பட்டா வீதி ஐயாவுக்கு முன்கூட்டியே தொலைபேசியில் பதில் சொன்னபோது அவர் இன்னொன்று கேட்டார். "தம்பி, அந்த 75 வீதத்தில் எனக்கும் ஒரு பங்கு வாங்கலாமா? தினகரனை ஐம்பத்தைந்து வருடமாக வாசிக்கிறேன்."

சட்டப்படி வாங்கலாம், ஐயா. 2 வீதம் வரை. விற்க ஒருவர் முன்வர வேண்டும்.