ஜப்பானில் பச்சை விளக்கு நீலமான கதை

பிறமொழி கற்கத் தொடங்குவோர் முதலில் படிப்பவை ‘வணக்கம்’, ‘நன்றி’ போன்ற சொற்களே. அவை வேண்டியவைதாம். ஆனால் அயல்நாட்டு வீதியில் கால் வைத்த மறுகணமே உயிரைக் காப்பவை வேறு சில சொற்கள். வணக்கத்தைத் தவறாகச் சொன்னால் எதிரில் நிற்பவர் புன்னகை செய்வார். ‘நில்’ என்ற சொல்லை அறியாமற் போனால் எதிரே வரும் லாரி புன்னகை செய்யாது! வேலைக்கும் மேற்படிப்புக்கும் ஜப்பான் செல்ல விரும்புவோர் நம்மிடையே இருப்பதால், அந்நாட்டுச் சாலைச் சொற்கள் சிலவற்றை இங்கே காண்போம்.

சிக்னலை ஜப்பானியர் ‘ஷிங்கோ’ என்பர். சிவப்பு ‘அகா’. நம் ‘அக்கா’வை அழுத்தாமல் சொன்னால் அச்சொல் மறக்காது. மஞ்சள் ‘கீரோ’. பச்சைக்கு அகராதி தரும் சொல் ‘மிதோரி’. ஆனால் சாலையில் எரியும் பச்சை விளக்கை அவர்கள் ‘மிதோரி’ என்று சொல்வதில்லை. ‘அவோ’ என்றே சொல்கின்றனர். ‘அவோ’ என்றால் நீலம்!

அவர்கள் கண்ணில் ஏதேனும் குறையா? இல்லை. பழைய ஜப்பானிய மொழியில் ‘அவோ’ என்ற ஒரே சொல் நீலத்தையும் பச்சையையும் தழுவி நின்றது. இன்றும் பச்சை ஆப்பிள் ‘அவோ ரிங்கோ’. பசிய இலை ‘அவோபா’. நமக்கும் இது புதுமையன்று. திருமாலின் நிறத்தைக் கருமை என்றும், நீலம் என்றும், பச்சை என்றும் நாம் சொல்லவில்லையா? அனுபவமற்ற இளைஞனை ஜப்பானியர் ‘அவோ’ சேர்த்து ‘அவோ நிசாய்’ என்பர். நாமோ விவரம் அறியாதவனைப் ‘பச்சைப்பிள்ளை’ என்கிறோம்!

1930-ஆம் ஆண்டு டோக்கியோவின் ஹிபியா சந்திப்பில், அமெரிக்காவில் செய்யப்பட்ட சிக்னல் நிறுவப்பட்டது. அன்று சட்டம் அதைப் ‘பச்சை’ என்றே குறித்தது. மக்கள் வாயிலோ ‘அவோ’ என்றே வழங்கியது. 1947-இல் சட்டமும் மக்கள் வழக்கை ஏற்றுக்கொண்டது. பின்னர், 1973-ஐ ஒட்டி, விளக்கின் நிறமே நீலம் கலந்த பச்சையாக மாற்றப்பட்டது. நிறத்துக்கேற்பச் சொல்லை மாற்றுவது உலக வழக்கம். இங்கே சொல்லுக்கேற்ப நிறம் மாறியது. இதில் ஒரு நன்மையும் உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர்க்கு, நீலம் கலந்த பச்சையை அடையாளம் காண்பது எளிது.

இனி, பலகைகள். இந்தியாவில் ‘நில்’ பலகை எட்டு மூலை கொண்டது. ஜப்பானில் அது தலைகீழான சிவப்பு முக்கோணம். அதில் ‘தோமரே’ (நில்) என்று எழுதியிருக்கும்; 2017 முதல் வந்த புதிய பலகைகளில் ஆங்கிலச் சொல்லும் சேர்ந்தது. நம் நாட்டில் தலைகீழ் முக்கோணம் ‘வழி விடு’ என்பதையே குறிக்கும். ஆகவே நம்மவர் ஏமாறக்கூடிய இடம் இதுவே. வெள்ளைப் பரப்பும் சிவப்பு விளிம்பும் கொண்ட தலைகீழ் முக்கோணமும் அங்கு உண்டு. அது ‘ஜோகோ’, அதாவது ‘மெதுவாகச் செல்’. முழுச் சிவப்பைக் கண்டால் முழுமையாக நிற்க வேண்டும்.

‘கோசாதென்’ சாலைச் சந்திப்பு, ‘ஓதன் ஹோதோ’ பாதசாரிகள் கடக்கும் இடம், ‘ஃபுமிகிரி’ ரயில்வே கேட், ‘மிகி’ வலம், ‘ஹிதரி’ இடம். வண்டிகள் நம் நாட்டைப் போலவே இடப்புறம் செல்கின்றன. அமெரிக்க ஆட்சியில் வலப்புறம் சென்றுவந்த ஒகினாவா தீவும், ஜப்பானிடம் திரும்பிய பின், 1978 ஜூலை 30 அன்று இடப்புறத்துக்கு மாறியது. பார்வையற்றோர்க்கெனச் சில சந்திப்புகளில் ஒலியும் உண்டு. ஒரு திசையில் கடக்கும்போது ‘பியோ பியோ’ என்று குஞ்சுக்குரலும், குறுக்குத் திசையில் ‘கக்கோ’ என்று குயில்வகைப் பறவையின் குரலும் கேட்கும்.

இச்சொற்களை வாக்கியமாக்குவது தமிழர்க்கு எளிது. ‘ஷிங்கோ கா / அவோ நி / நத்தே கரா / வதரிமஷோ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ‘சிக்னல் / பச்சையாக / ஆன பிறகு / கடப்போம்’ என்று வரும். வினை கடைசியில் வருவது இரு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சிய நம்மில் பலர்க்கு இது எவ்வளவு ஆறுதல்!

நண்பர்களே, ஒரு நிறத்துக்கு அயலார் வேறு பெயர் சொன்னால் நகைக்க வேண்டாம். அவர்கள் பார்க்கும் விளக்கும் நாம் பார்க்கும் விளக்கும் ஒன்றே. சொல்லை அவர்களிடம் கேட்டுக் கற்போம். ‘அகா’ எரியும்போது நிற்போம். ‘அவோ’ வந்ததும் இருபுறமும் பார்த்துக் கடப்போம்!