உங்களுக்குத் தெரியுமா? கவிழ்ந்த கயாக்கைக் காக்கும் ‘டி மீட்பு’

கொந்தளிக்கும் கடலில் கயாக் கவிழ்ந்து ஆள் வெளியே விழுந்தால், உடனே படகை நிமிர்த்தத்தான் கை பரபரக்கும். நிமிர்த்தினால் புகுந்த நீர் உள்ளேயே தங்கிவிடும். உதவ வருபவர் தன் கயாக்கைக் குறுக்கே நிறுத்தி, கவிழ்ந்த படகின் முன்முனையை மடிமேல் இழுப்பார். இரண்டும் ஆங்கில ‘டி’ எழுத்துப்போல் நிற்பதால் இந்தப் பெயர். இருக்கைக்குப் பின்னால் நீர்புகாத் தடுப்பு இருந்தால், முனையைத் தூக்கியதுமே பெரும்பாலான நீர் வடிந்துவிடும். பிறகு படகை நிமிர்த்தி, தன் கயாக்கோடு ஒட்டிவைத்து, உடல் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்து இறுகப் பிடிப்பார். அந்தப் பிடிதான் உயிர். விழுந்தவர் பின்தளத்தில் குப்புற ஏறி, கால்களை உள்ளே நுழைத்து, மெல்லப் புரண்டு அமர்வார். அதுவரை அவர் தன் படகை விடவே கூடாது: பலத்த காற்றில் வெற்றுக் கயாக், நீந்துபவரைவிட வேகமாக விலகிப் போய்விடும்.