வாயில் பதிவேடும் மேகக் கிடங்கும்

சென்னைக்கு வடக்கே ஆந்திர எல்லையருகே அமைந்த கும்மிடிப்பூண்டியைச் சிப்காட் தொழிற்பேட்டையைக் கொண்டே பலரும் அறிவர். அதே வட்டாரத்துத் தேர்வாய்க் கண்டிகையில் மிச்செலின் டயர் ஆலை இருக்கிறது. திருவள்ளூரை அடுத்த மேல்நல்லாத்தூரில் காட்டர்பில்லர் கனரக எந்திர ஆலை இருக்கிறது. பெரிய ஆலை எதுவும் தனித்து இயங்குவதில்லை. உதிரிபாகம் செய்யும் லேத் பட்டறை, சரக்கேற்றும் லாரிக் கம்பெனி, கணக்கைச் சரிபார்க்கும் தணிக்கையாளர் என வெளியார் பலர் சேர்ந்தே அதனை இயக்குகின்றனர்.

ஆலைக்குள் நுழையும் வெளியாள் எவரும் வாயிலில் உள்ள பதிவேட்டில் எழுதியாக வேண்டும். பெயர், வந்த காரியம், பார்க்க வேண்டியவர், உள்ளே சென்ற நேரம், வெளியேறிய நேரம் எனக் கட்டங்கள் இருக்கும். இது நாமெல்லாரும் அறிந்த வழக்கம். ஆனால் இன்று ஆலைக்கும் பட்டறைக்கும் இடையே ஆளைவிட அதிகமாகச் சென்று வருபவை கோப்புகளே. எந்திரப் பாகத்தின் வரைபடம், கொள்முதல் ஆணை, சோதனைச் சான்று, விலைப்பட்டியல் யாவும் கணினி வழியே செல்கின்றன. அந்தக் கதவுக்கும் இப்படியொரு பதிவேடு உண்டா? இருக்க வேண்டுமெனில் அது எவ்வாறு அமைய வேண்டும்? இதனை இங்கே காண்போம்.

மேகக் கிடங்கு என்பது யாது?

மேகம் என்பது பெயரளவில்தான். கோப்புகள் இருப்பது தரையில், குளிரூட்டப்பட்ட கட்டடங்களில், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில். அமேசான் நிறுவனம் 2006-இல் தன் சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. 2015-இல் மைக்ரோசாப்ட் சென்னையிலும், 2016-இல் அமேசான் மும்பையிலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தன. சொந்தமாகக் கணினி வாங்கி வைக்காமல், வேண்டிய அளவு இடத்தை வாடகைக்கு எடுப்பதே இதன் சாரம்.

இடம் கிடைத்துவிட்டது, வெளியாரை எப்படி உள்ளே விடுவது? கிடங்கின் உரிமையாளருக்கென உள்ள தலைமைச் சாவியைப் பட்டறைக்காரரிடம் கொடுப்பது, வீட்டுச் சாவிக் கொத்தையே பால்காரரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும். கிடங்கையே எல்லோருக்கும் திறந்து வைப்பது அதனினும் கேடு. ஆகவே கிடங்கின் முன்னே ஒரு வாயில் வேண்டும். அதற்கென ஒரு காவலரும் வேண்டும்.

காவலர் பிறந்த கதை

கணினிக்குக் கணினி கோப்பு அனுப்பும் முறைக்கு முதன்முதலில் விதி வகுத்தவர் ஓர் இந்தியர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அலகாபாத்தில் பிறந்து, கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் பயின்ற அபய் பூஷண், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் அவ்விதிகளை எழுதினார். எஃப்.டி.பி. என்பது அதன் பெயர். ஒருவரையொருவர் அறிந்த ஆய்வாளர்கள் மட்டுமே வலைப்பின்னலில் இருந்த காலம் அது. எனவே கடவுச்சொல்லும் கோப்பும் அஞ்சலட்டை போலத் திறந்தபடியே சென்றன.

காலம் மாறியது. 1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையில் யாரோ ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடினர். அதனைக் கண்ட டாட்டு இலோனன் என்னும் ஆய்வாளர், செய்தி முழுவதையும் மறைகுறியாக்கி அனுப்பும் எஸ்.எஸ்.எச். என்ற முறையை அதே ஆண்டில் உருவாக்கினார். அந்த முறையின்மீது எழுந்ததே எஸ்.எஃப்.டி.பி. என்னும் பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம். இதில் அஞ்சலட்டை, அரக்கு முத்திரையிட்ட உறையாக மாறிவிட்டது.

இந்த வாயிலை மேகக் கிடங்கோடு நேரே இணைக்கும் சேவையை அமேசான் 2018-லும் மைக்ரோசாப்ட் 2022-லும் வழங்கத் தொடங்கின. பட்டறைக்காரர் தம் பழைய மென்பொருளையே பயன்படுத்தலாம். கோப்பு கிடங்கில் போய்ச் சேரும்.

பூட்டும் சாவியும்

கடவுச்சொல் கேட்டறியக் கூடியது. சுவரில் எழுதி ஒட்டக் கூடியது. ஆதலால் அதனினும் சிறந்தது இணைச்சாவி முறை. பட்டறையின் கணினி இரண்டு சாவிகளைத் தோற்றுவிக்கும். ஒன்று பொதுச்சாவி, மற்றது தனிச்சாவி. பொதுச்சாவியை ஒரு பூட்டாகவே எண்ணலாம். அதனை ஆலைக்கு அனுப்பிவிடலாம், பிறர் பார்த்தாலும் கெடுதல் இல்லை. தனிச்சாவி பட்டறையை விட்டு வெளியே செல்லவே கூடாது. உள்ளே வர விரும்புபவர் தம்மிடம் தனிச்சாவி உண்டென்பதை, அதனைக் காட்டாமலே ஒரு கணக்கின் மூலம் மெய்ப்பிக்கிறார்.

மறுபக்கமும் ஒரு சோதனை உண்டு. முதன்முறை இணையும்போது வாயிலின் அடையாள எண் திரையில் தோன்றும். பலரும் அதனைப் படியாமலே ஒப்புக்கொள்வர். ஆலைக்குத் தொலைபேசியில் பேசி, அந்த எண் சரிதானா என ஒருமுறை ஒத்துப்பார்ப்பதே முறை. போலி வாயிலில் நுழைந்துவிட்டால், எவ்வளவு நல்ல பூட்டாலும் பயனில்லை.

ஒருவருக்கு ஓர் அறை

உள்ளே வந்தவர் எங்கெல்லாம் போகலாம்? இங்குதான் பெரும்பாலோர் கவனம் தவறுகிறது. ஒவ்வொரு பட்டறைக்கும் தனிப் பெயர், தனிச் சாவி, தனிக் கோப்புறை வேண்டும். தம் அறையைத் தவிர வேறு அறைகள் இருப்பதே அவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. போட்டிப் பட்டறையின் விலைப்பட்டியல் பக்கத்து அறையில் இருக்கிறதல்லவா?

அறைக்குள்ளும் வேறுபாடு உண்டு. வரைபடம் உள்ள இடத்தில் படிக்க மட்டுமே உரிமை. பில் அனுப்பும் இடமோ சிறுவாபுரி முருகன் கோயில் உண்டியலைப் போன்றது; எவரும் காணிக்கை இடலாம், கையை விட்டு எடுக்க முடியாது. அங்கே விழும் கோப்பு, வைரஸ் சோதனை முடிந்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும்.

ஒரே ஒரு முறை, ஒரே ஒரு கோப்பு எனில் இத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. குறித்த காலத்தில் தானே செல்லாததாகிவிடும் இணைப்பு முகவரி ஒன்றைத் தரலாம். அமேசான் கிடங்கில் இதற்கு மிகுதியாக 7 நாள் வரை கெடு வைக்கலாம்.

நடந்தவை சில

இவை வெறும் அச்சமல்ல. 2022 மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டா தன் 14 ஆலைகளையும் ஒரு நாள் நிறுத்தியது. காரணம், அதற்கு உதிரிபாகம் வழங்கும் கோஜிமா நிறுவனத்தின் கணினிகள் தாக்கப்பட்டமை. கோஜிமாவின் துணை நிறுவனமொன்று வெளி நிறுவனத்தோடு தொடர்பு கொள்ள வைத்திருந்த கருவியின் வழியே திருடர்கள் நுழைந்தனர். சிறிய வாயில் பழுதாயின் பெரிய ஆலை நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2023 மே மாதம் மூவிட் என்னும் கோப்புப் பரிமாற்ற மென்பொருளில் இருந்த ஓட்டையால் உலகெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் கோப்புகள் களவு போயின. வாயிற்காவலரும் நோயுறலாம் என்பது இதன் படிப்பினை. மென்பொருளை உடனுக்குடன் புதுப்பிக்க வேண்டும். வந்த கோப்பை வாயிலிலேயே போட்டு வைக்காமல் அகற்ற வேண்டும்.

நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில், மேகக் கிடங்கொன்றில் ஏறத்தாழ 2,73,000 வங்கி ஆவணங்கள் பூட்டே இல்லாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். அங்கே எவரும் பூட்டை உடைக்கவில்லை. உடைக்கப் பூட்டே இல்லை.

வெளியேறிய நேரம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். யார், எந்த முகவரியிலிருந்து, எப்போது, எந்தக் கோப்பை எடுத்தார் என்பதை மேக வாயில் தானே எழுதி வைக்கும். அவ்வாறு எழுதும்படி நாம் அமைத்திருக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த ஆணைப்படி, நிறுவனங்கள் இத்தகைய பதிவுகளை 180 நாள் காக்க வேண்டும். தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

ஆயினும் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தை எந்த எந்திரமும் தானே நிரப்பாது. ஒப்பந்தம் முடிந்த பட்டறையின் சாவி இன்னும் செல்லுமா? சாவி வைத்திருந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டாரா? இதனை அறிந்தவர் கணினிப் பொறியாளர் அல்லர்; கொள்முதல் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் அமர்ந்திருப்பவரே. எனவே சாவி கொடுக்கும் நாளிலேயே அது முடியும் நாளையும் குறிக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் பட்டியலைப் படித்து, வேண்டாத பெயர்களை அடிக்க வேண்டும்.

நம் கல்லூரியில் வணிகவியலோ வரலாறோ தமிழோ படித்துச் செல்பவர் பலரும் நாளை அத்தகைய அலுவலக இருக்கைகளில் அமரக்கூடியவர்களே. குறியாக்கக் கணக்கை அறியாவிடினும், யாருக்கு எந்த அறை, எதுவரை என்று கேட்கத் தெரிந்தவர் அங்கே தேவைப்படுகிறார். கதவைத் திறந்துவிடுவது சில நிமிட வேலை. அதனை உரிய நாளில் மறவாமல் அடைப்பதே பொறுப்புள்ள பணி.