எண்பது வீத வரவும் எழுதப்படாத கடிதமும்

இலங்கையின் அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பதிவுசெய்துகொள்ளும் மாணவருடைய அடுத்த மூன்று அல்லது நான்கு ஆண்டுகளை வரவு, தரம், விலகல் ஆகியவை பற்றிய விதிகளே பெருமளவு ஒழுங்குபடுத்துகின்றன. எனினும் வரவு பற்றிய விதியை முதலாவது பரீட்சை நெருங்கும்போதும், தரம் பற்றிய விதியை முதலாவது பெறுபேறு வெளியான பின்னரும் அறிந்துகொள்ளும் மாணவர்களிற் பலர், விலகல் பற்றிய விதியை இறுதிவரை அறியாமலே போய்விடுகின்றனர். நகர்ப்புறப் பாடசாலைகளில் இந்த அறிவு முன்னே சென்ற சகோதரர், அயலவர், தனியார் வகுப்பு ஆசிரியர் வழியாக வந்துசேர்கிறது. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவில், மன்னார்–பூநகரி வீதியோடு அமைந்த ஜெயபுரம் போன்ற கிராமத்தில், குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸுக்குப் போகும் பிள்ளைக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. ஆகவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தபோதிலும், அதனால் விளையும் இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை.

பல்கலைக்கழக அனுமதியில் அரசு இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுத்துக்கொண்டுள்ளது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, இசட் புள்ளி எனப்படும் நியமப்படுத்தப்பட்ட புள்ளியின் அடிப்படையில் 40 வீதமான இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் அப்பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் அடங்குவன. ஆனால் வாயிலிற் காட்டப்படும் இந்தக் கரிசனை வாயிலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே சென்ற பின்னர், வரவுக்கு விதிக்கப்பட்ட எண்பது வீதம் எல்லோருக்கும் எண்பது வீதமே.

இம்மாவட்டங்கள் அடங்கிய வன்னியின் மாணவருக்கு இன்று கல்வி நிறுவனங்கள் தொலைவில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டு, போரினால் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பின்னர் அங்கேயே மீண்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் இப்போது அதனோடு 2014 இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய பொறியியல் பீடமும், பின்னர் வந்த தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. வவுனியாவில் 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி, 1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக உயர்ந்த நிறுவனம், 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்னும் தனிப் பல்கலைக்கழகமாகப் பம்பைமடுவில் விளங்குகிறது.

இந்நிறுவனங்களில் மாணவரின் கல்வி 'கிரெடிட்' என்னும் அளவினால் அளக்கப்படுகிறது. ஓர் அரையாண்டு ஏறத்தாழ 15 வாரங்கள் கொண்டது. வாரத்துக்கு ஒரு மணித்தியாலமாக 15 மணித்தியால விரிவுரை கொண்ட பாடம் ஒரு கிரெடிட் பெறுமதி உடையது. செய்முறை வகுப்பாயின் அதே ஒரு கிரெடிட்டுக்கு இரு மடங்கு நேரமேனும் வேண்டப்படும். இலங்கைத் தகைமைகள் சட்டகம், மாணவர் தாமாகப் படிக்கும் நேரத்தையும் சேர்த்து, ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு என்று வரையறுத்து, ஓர் ஆண்டுக்கு 30 கிரெடிட்டுகளையும், பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட்டுகளையும், சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட்டுகளையும் வகுத்துள்ளது. மாணவரின் கல்வியை வகுப்பில் இருந்த நேரத்தைக் கொண்டு அளக்கும் இந்த வழக்கம், ஐக்கிய அமெரிக்காவில் 1905 இல் உருவான கார்னகி நிறுவனம், பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவதற்குத் தகுதியான கல்லூரிகளை இனங்காண முற்பட்டபோது வேரூன்றியதாகும். ஓய்வூதியக் கணக்குக்காகப் பரவிய ஓர் அளவுகோல் உலகெங்கும் பட்டத்தின் அளவுகோலாக நிலைத்துவிட்டமை கவனிக்கத்தக்கது. ஏனெனில், மாணவர் எதைக் கற்றார் என்பதை அறிவதிலும் பார்க்க, எத்தனை மணித்தியாலம் இருந்தார் என்பதை எண்ணுவது நிர்வாகத்துக்கு எளிது.

ஒவ்வொரு பாடத்திலும் பெறும் புள்ளி ஓர் எழுத்துத் தரமாகவும், அந்தத் தரம் ஒரு தரப்புள்ளியாகவும் மாற்றப்படுகிறது. ஏ தரத்துக்கு 4.00, பி தரத்துக்கு 3.00, சி தரத்துக்கு 2.00, டி தரத்துக்கு 1.00, சித்தியின்மையைக் குறிக்கும் ஈ தரத்துக்குச் சுழியம் என்பது பொதுவான ஒழுங்கு. இடையில் வரும் பிளஸ், மைனஸ் தரங்கள் 3.70, 3.30, 2.70 எனப் படிப்படியாகக் குறைந்துசெல்லும். எத்தனை புள்ளிக்கு எந்த எழுத்து என்பது பீடத்துக்குப் பீடம் மாறக்கூடியது. ஒவ்வொரு பாடத்தின் தரப்புள்ளியையும் அதன் கிரெடிட்டினாற் பெருக்கிக் கூட்டி, மொத்தக் கிரெடிட்டினால் வகுத்தால் வருவது ஜிபிஏ எனப்படும் சராசரித் தரப்புள்ளி. இச்சராசரி 3.70 அல்லது அதற்கு மேலாயின் முதலாம் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு, 3.00 ஆயின் கீழ்ப்பிரிவு என்பன பரவலாகப் பின்பற்றப்படும் எல்லைகள், 2.00 பெற்றவர் ஏனைய நிபந்தனைகளையும் நிறைவு செய்தால் வகுப்பின்றிப் பட்டம் பெறுவார்.

இந்தக் கணக்கில் ஒரு பாடம் எவ்வளவு மாற்றத்தைச் செய்யும் என்பதை ஓர் எடுத்துக்காட்டினால் அறியலாம். ஓர் அரையாண்டில் ஒரு மாணவி 10 கிரெடிட் பெறுமதியான நான்கு பாடங்களைப் படிக்கிறார் என்று கொள்வோம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றில் பி தரமும், இரண்டு கிரெடிட் பாடம் ஒன்றில் ஏ தரமும், இன்னோர் இரண்டு கிரெடிட் பாடத்தில் பி தரமும் பெற்ற அவருக்கு இதுவரை சேர்ந்தவை 9, 8, 6 எனக் கூடி 23 ஆகும். எஞ்சியிருப்பது மூன்று கிரெடிட் பாடம் ஒன்று. அதில் ஏ தரம் பெற்றால் கூட்டுத்தொகை 35 ஆகிச் சராசரி 3.50 ஆகும், இது இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. அப்பாடத்தின் பரீட்சைக்கு அவர் தோற்றவில்லை என்றால் சராசரி 2.30 ஆகச் சரியும். அடுத்த முறை அதே பாடத்தை மீள எழுதி, விடைத்தாளில் ஏ தரத்துக்குரிய புள்ளியையே பெற்றாலும், மீளத் தோற்றுவோருக்குப் பொதுவாக வழங்கப்படும் உச்சத் தரம் சி என்பதால், சராசரி 2.90 ஐத் தாண்டாது. வகுப்புச் சித்திக்கு வேண்டிய 3.00 கைக்கெட்டாமற் போய்விடும்.

இங்கே மறைந்துள்ள செய்தி ஒன்றுண்டு. அதே மாணவி காய்ச்சலினாலோ குடும்பத்தில் நேர்ந்த மரணத்தினாலோ பரீட்சைக்குச் செல்ல இயலாமற் போய், அதனை உரிய நாட்களுக்குள் உரிய சான்றோடு பீடத்துக்கு அறிவித்து, பல்கலைக்கழகத்தின் மூதவை அக்காரணத்தை ஏற்றுக்கொண்டால், அடுத்த முறை அவர் தோற்றுவது முதலாவது தோற்றலாகவே கருதப்படும், சி என்னும் உச்சவரம்பு அவரைக் கட்டாது, 3.50 அவருக்கு இன்னமும் எட்டக்கூடியதே. 2.90 க்கும் 3.50 க்கும் இடையிலான தூரத்தைப் பாடத்தில் அவருக்குள்ள திறமை தீர்மானிக்கவில்லை. ஒரு கடிதமும் அதனோடு இணைத்த மருத்துவச் சான்றிதழுமே தீர்மானித்தன. அரச துறையிலும் பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிகளிலும் வகுப்புச் சித்தி கேட்கப்படும் நாட்டில் இது சிறிய வேறுபாடன்று.

அந்தச் சான்றிதழுக்கும் விதிகள் உண்டு. தனியார் வைத்தியர் எழுதிக்கொடுத்த துண்டு பெரும்பாலும் போதாது. அரச வைத்தியசாலையிலிருந்து பெற்ற சான்றோ, பல்கலைக்கழக மருத்துவ அதிகாரி உறுதிசெய்த சான்றோ கேட்கப்படும். கால எல்லை சில நாட்களோ ஓரிரு வாரங்களோ ஆகலாம். வீட்டில் நோயுற்றுக் கிடக்கும் பிள்ளை குணமடைந்து வளாகத்துக்குத் திரும்பிய பின்னர்தான் சான்றிதழைக் கொடுக்கலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அதற்குள் நாள் கடந்துவிடுகிறது. நோயாளி சார்பில் பெற்றோரோ நண்பரோ அறிவித்தலைச் சேர்ப்பிக்கலாமா என்பதையும், முதலில் அறிவித்துவிட்டுப் பின்னர் சான்றைச் சமர்ப்பிக்க இடமுண்டா என்பதையும் முதலாம் ஆண்டிலேயே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது.

வரவு பற்றிய விதி பார்வைக்கு இதனிலும் எளியது. ஒரு பாடத்தின் விரிவுரைகளிலும் செய்முறைகளிலும் 80 வீதத்துக்குக் குறையாத வரவு இல்லாதவர் அப்பாடத்தின் இறுதிப் பரீட்சைக்குத் தோற்றத் தகுதியிழப்பார் என்பதே பொது வழக்கு. மூன்று கிரெடிட் பாடத்தின் 45 மணித்தியாலங்களில் இருபது வீதம் 9 மணித்தியாலம். அதாவது மூன்று வாரம். கணக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியே பார்க்கப்படுவதால், ஐந்து பாடங்களில் முழு வரவு வைத்திருப்பது ஆறாவது பாடத்தின் குறையை ஈடுசெய்யாது. வாரத்தில் ஒரே நாளில் மூன்று மணித்தியாலமாக நடைபெறும் பாடமாயின், அந்த நாளிலேயே வீட்டுக்குச் செல்லும் வழக்கமுள்ள மாணவர் நான்காவது முறையில் எல்லையைக் கடந்துவிடுவார்.

வன்னியின் காலநிலையும் பொருளாதாரமும் இந்த மூன்று வாரங்களை எளிதில் விழுங்கிவிடுகின்றன. பெருமழை ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. தாழ்நிலப் பாதைகளில் நீர் நிரம்பினால் பஸ் ஓடாது. காலபோக நெல் தை, மாசி மாதங்களில் அறுவடைக்கு வரும்போது, கூலிக்கு ஆளெடுக்க இயலாத குடும்பங்கள் பிள்ளைகளின் கைகளையே நம்புகின்றன. 2024 நவம்பர் இறுதியில் கடும் மழையும் வெள்ளமும் நாட்டைத் தாக்கியபோது, நடந்துகொண்டிருந்த க.பொ.த. உயர்தரப் பரீட்சையே சில நாட்கள் நிறுத்திவைக்கப்பட்டது. தேசியப் பரீட்சை ஒன்றைக் காலநிலைக்காக நிறுத்த முடியுமாயின், வெள்ளத்தாற் பாதை துண்டிக்கப்பட்ட பிரதேசத்து மாணவரின் வரவுக் கணக்கில் அந்த நாட்களைக் கழித்துவிடுவதற்கும் எழுத்திலான விதியொன்று இருப்பதே நியாயம். இப்போது அது பெரும்பாலும் விரிவுரையாளரின் பரிவிலும் பீடாதிபதியின் விளக்கத்திலும் தங்கியிருக்கிறது. பரிவு கிடைக்கும், ஆனால் கேட்பவருக்கே கிடைக்கும். கேட்கத் தயங்கும் பிள்ளைகளே பெரும்பாலும் தூரக் கிராமங்களிலிருந்து வருபவர்கள்.

விலகல் என்பது ஒரு செயலன்று. வெவ்வேறு விளைவுகளை உடைய சில செயல்களின் பொதுப்பெயர். அரையாண்டின் தொடக்க வாரங்களில், தெரிவுப் பாடமொன்றைக் கைவிட்டு வேறொன்றைப் பதிந்துகொள்வது முதலாவது. அதனால் தரப்பட்டியலில் எந்தத் தழும்பும் ஏற்படாது. நோய், மகப்பேறு, குடும்ப நெருக்கடி போன்றவற்றுக்காக ஓர் அரையாண்டையோ ஓர் ஆண்டையோ அனுமதியோடு ஒத்திவைத்து, அடுத்த பிரிவு மாணவரோடு தொடர்வது இரண்டாவது. இதற்குப் பீடச் சபையினதும் மூதவையினதும் ஒப்புதல் வேண்டும். பதிவையே நீக்கிக்கொண்டு முழுமையாக வெளியேறுவது மூன்றாவது. இது பின்னர் மீண்டும் அரச பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்கும் உரிமையைப் பாதிக்கக்கூடும் என்பதால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைநூலை வாசிக்காமல் எவரும் இதைச் செய்யலாகாது.

இவை எதையும் செய்யாமல் ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுவது நான்காவது. விதிநூலில் இதற்குப் பெயரில்லை. ஆனால் மிகப் பெரிய இழப்பு இதனாலேயே நேர்கிறது. பகிடிவதையைத் தாங்க முடியாமல் வெளியேறும் பிள்ளை, தந்தையின் நோயினால் வேலைக்குப் போகும் பிள்ளை, ஆங்கில மொழிமூல விரிவுரையைப் பின்தொடர முடியாமல் மனமுடையும் பிள்ளை என எவராயினும், கடிதம் கொடுக்காமற் சென்றால் தரப்பட்டியலில் வராதவராகவும் சித்தியடையாதவராகவும் பதிவாகிக்கொண்டே போவார். மகாபொல போன்ற உதவித்தொகைகள் நின்றுபோகும். பட்டத்தை முடிப்பதற்கு விதிக்கப்பட்ட உச்சகால எல்லையும் ஓடிக்கொண்டிருக்கும். பகிடிவதை 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தினாலே குற்றமாக்கப்பட்டுள்ளது. அதற்கு ஆளான மாணவர் ஒத்திவைப்புக் கேட்பதும் முறைப்பாடு செய்வதும் ஒன்றையொன்று தடுப்பனவல்ல.

தமிழ்நாட்டின் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடைமுறையிலுள்ள ஓர் ஏற்பாடு இங்கு நோக்கத்தக்கது. அங்கே பொது வரவு எல்லை 75 வீதம். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்காக 65 வீதம் வரை சலுகை உண்டு என்பது விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தக்க காரணத்துடன் பரீட்சையிலிருந்து விலகிக்கொள்ளும் வாய்ப்பும் படிப்புக் காலத்தில் ஒருமுறை மாணவருக்கு உண்டு. அவ்வாறு விலகியவர் உயர்ந்த வகுப்புக்குரிய தகுதியை அதனால் இழப்பதில்லை. சலுகையின் அளவு எண்ணாக எழுதப்பட்டிருப்பதால், அதைப் பெறுவதற்கு எவரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பல்கலைக்கழகத்தை விட்டு விலகுவது எப்போதும் தோல்வி என்பதும் ஏற்கத்தக்கதன்று. அறிவியல் நகரிலேயே 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில், தேசிய தொழிற்றகைமைச் சட்டகத்துக்கு அமைய நடத்தப்படும் கற்கைகளில் மதிப்பீட்டின் வழியே வேறு: மாணவர் ஒரு தொழிலுக்குரிய ஒவ்வொரு வேலையையும் செய்துகாட்டி, தேர்ச்சியுடையவர் எனவோ இன்னும் தேர்ச்சியடையவில்லை எனவோ தீர்மானிக்கப்படுகிறார். ஏழு மட்டங்கள் கொண்ட அச்சட்டகத்தில் ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாக்கள். ஏழாம் மட்டம் பட்டத்துக்கு நிகரானது. தனக்குப் பொருந்தாத கற்கைநெறியிலிருந்து முறைப்படி விலகி இவ்வழியிற் செல்பவர், காலத்தை மட்டுமே சிறிது இழக்கிறார்.

உயர்தரப் பெறுபேறு வெளியாவதற்கும் பல்கலைக்கழகப் பதிவுக்கும் இடையில் பல மாதங்கள் உள்ளன. அந்த இடைவெளியில், பீடங்களின் பரீட்சை ஒழுங்குவிதிகளை நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கமாக்கி, பூநகரி, முழங்காவில், ஜெயபுரம் பகுதிப் பாடசாலைகளில் ஒரு பிற்பகலில் விளக்குவதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. அந்தச் சுருக்கத்தின் கடைசிப் பக்கத்தில் மாதிரிக் கடிதம் ஒன்று இருக்கட்டும்: பதிவிலக்கம், பாடக் குறியீடு, வரமுடியாத நாட்கள், காரணம், இணைக்கப்பட்ட சான்று, பீடத்தின் உதவிப் பதிவாளருக்கு மூலப்பிரதி, திணைக்களத் தலைவருக்கும் சிரேஷ்ட மாணவ ஆலோசகருக்கும் பிரதிகள், கையளித்த திகதியைக் குறித்து அலுவலக முத்திரை இட்ட ஒரு பிரதி மாணவர் கையில்.