தனியார் பள்ளிச் சேர்க்கையும் அனைவரையும் உள்ளடக்கும் தன்மையும்: தமிழ்நாட்டின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தனியார் பள்ளிகளுள் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது பொதுவான கருத்து. நடைமுறையில் கட்டணம், தொலைவு, சான்றிதழ், நேர்காணல் ஆகியவற்றின் வழியாகப் பள்ளியும் குழந்தையைத் தேர்ந்தெடுக்கிறது. இந்த இருவழித் தேர்வில் நலிந்தோருக்கும் இடம் உண்டாக்கும் நோக்கில், கல்வி உரிமைச் சட்டம் தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவுநிலை வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கியது. அவ்வொதுக்கீடு தமிழ்நாட்டில் செயற்படும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு பள்ளியின் உள்ளடக்கும் தன்மையை ஒதுக்கிய இடங்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க இயலாது என்பதும், சேர்ந்த குழந்தை எட்டாம் வகுப்பு வரை பிறரோடு ஒருங்கே பயில்வதே உண்மையான அளவுகோல் என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கல்வி உரிமைச் சட்டம், தனியார் சுயநிதிப் பள்ளி, நுழைவுநிலை வகுப்பு, குலுக்கல், ஈட்டுத்தொகை, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர்

முன்னுரை

கல்விக்குப் பொருள் கொடுப்பது தமிழ் மரபுக்குப் புதியதன்று. பாண்டியன் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்று 183ஆம் பாடல், ஆசிரியருக்குப் பொருள் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்கிறது. கல்வி பிறப்பின் ஏற்றத்தாழ்வைக் கடக்க வல்லது என்பதையும் அதே பாடல் உணர்த்துகிறது. பொருள் உள்ளவர்க்கே கல்வி எனும் நிலை ஏற்படுமாயின், பிறப்பின் தாழ்வைக் கடக்க வேண்டியவர்க்கு அக்கல்வி எவ்வாறு கிட்டும் எனும் வினா இவ்விரு கருத்துகளுக்கும் இடையே எழுகிறது. இன்றைய தனியார் பள்ளிச் சேர்க்கையின் மையச் சிக்கலும் இதுவே.

கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு (1964–66) இதற்குத் தீர்வாகப் பொதுப்பள்ளி முறையையும் அண்மைப்பள்ளிக் கோட்பாட்டையும் முன்வைத்தது. ஒரே பகுதியில் வாழும் குழந்தைகள் அனைவரும் வேறுபாடின்றி ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்பது அதன் சாரம். அம்முறை நாட்டில் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. அதன் ஒரு கூறு மட்டும் 2009ஆம் ஆண்டின் சட்டத்தில் இடம்பெற்றது.

சட்டம் வகுத்த வாயில்

2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் அரசமைப்பில் 21அ பிரிவு சேர்க்கப்பட்டது. 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வி அடிப்படை உரிமையாயிற்று. இதனைச் செயற்படுத்த இயற்றப்பட்ட குழந்தைகளுக்கான இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் முதல் வகுப்பு மாணவர் எண்ணிக்கையில் குறைந்தது 25 விழுக்காட்டினரை அண்மைப் பகுதியைச் சேர்ந்த வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவினரிலிருந்து சேர்த்து, தொடக்கக் கல்வி முடியும்வரை கட்டணமின்றிக் கற்பிக்க வேண்டும் என்கிறது இதன் 12ஆம் பிரிவு. மழலையர் வகுப்பு உள்ள பள்ளியில் இவ்விதி அவ்வகுப்பிலிருந்தே தொடங்கும். எடுத்துக்காட்டாக, எல்.கே.ஜி. வகுப்பில் 60 இடங்கள் கொண்ட பள்ளி 15 இடங்களை இவ்வாறு நிரப்ப வேண்டும்.

சட்டத்தின் 13ஆம் பிரிவு பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. சேர்க்கையின்போது நன்கொடை பெறுவதையும், குழந்தையையோ பெற்றோரையோ வடிகட்டும் தேர்வுமுறையையும் அது தடைசெய்கிறது. நன்கொடை பெற்றால் அத்தொகையின் பத்து மடங்கு வரை தண்டம் விதிக்கலாம். வடிகட்டினால் முதன்முறை 25,000 ரூபாய் வரையும், பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் விதிக்கலாம். குலுக்கல் போன்ற தற்செயல் முறையைத் தவிர, ஒரு குழந்தையை விடுத்து மற்றொன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்முறையும் வடிகட்டலே எனச் சட்டம் வரையறுக்கிறது.

ஆயினும் இங்கு ஓர் இடைவெளி உண்டு. சட்டம் 'குழந்தை' என்று குறிப்பது 6 வயது நிறைந்தோரை. எனவே 25 விழுக்காட்டு இடங்கள் நீங்கலாக, மழலையர் வகுப்பின் ஏனைய இடங்களுக்கு இத்தடை பொருந்தாது என 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனியார் பள்ளிச் சேர்க்கையின் பெரும்பகுதி எல்.கே.ஜி. நிலையிலேயே முடிந்துவிடுகிறது. வடிகட்டலுக்கு எதிரான பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடத்திலேயே அது நலிந்திருப்பதை இத்தீர்ப்பு வெளிக்காட்டுகிறது.

ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கும் பள்ளிகள்

இந்த ஒதுக்கீட்டை எதிர்த்துத் தனியார் பள்ளிகள் தொடுத்த வழக்கில், 2012 ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் இருவருக்கு ஒருவர் எனும் பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்றது. அரசு உதவி பெறாத சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு மட்டும் விலக்களித்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐவர் அமர்வு அவ்விலக்கை உதவிபெறும் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கும் விரித்தது. அத்தீர்ப்பு மறுஆய்வுக்குரியது எனக் கருதிய இருவர் அமர்வு, 2025 செப்டம்பர் 1 அன்று இதனைப் பெரிய அமர்வின் கவனத்திற்கு அனுப்பப் பரிந்துரைத்தது.

தமிழ்நாட்டு நகரங்களில் நெடுங்கால நற்பெயர் கொண்ட பள்ளிகள் பல சிறுபான்மையினர் நிறுவனங்கள் ஆகும். அவை ஏழைகளைச் சேர்ப்பதில்லை என்பது இதன் பொருளன்று. கட்டணச் சலுகையும் விடுதி வசதியும் தந்து நலிந்தோரைப் படிக்கவைத்த வரலாறு அவற்றுள் பலவற்றுக்கு உண்டு. ஆனால் அங்குக் கிடைப்பது பள்ளியின் பரிவு; ஒதுக்கீட்டின் கீழ் கிடைப்பது குழந்தையின் உரிமை. மறுக்கப்பட்டால் முறையிட இடமிருப்பது பின்னதற்கே.

வேறு மாநிலங்களில் ஒதுக்கீட்டின் எல்லை விதித் திருத்தங்களால் சுருக்கப்பட்டது. அரசுப் பள்ளி அருகிலிருந்தால் தனியார் பள்ளியில் ஒதுக்கீடு தேவையில்லை என்று கர்நாடகம் 2018 இறுதியில் விதியைத் திருத்தியது. மகாராட்டிரம் 2024இல் அவ்வாறே முயன்றபோது மும்பை உயர் நீதிமன்றம் அத்திருத்தத்தை நீக்கியது. ஒதுக்கீடு அரசுப் பள்ளி இல்லாத குறையை நிரப்பும் ஏற்பாடா, அன்றி வெவ்வேறு நிலைக் குழந்தைகளை ஒரே வகுப்பறையில் அமர்த்தும் ஏற்பாடா என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படை.

தமிழ்நாட்டின் நடைமுறை

தமிழ்நாட்டில் இச்சட்டத்திற்கான விதிகள் 2011இல் வெளியிடப்பட்டன. நுழைவுநிலைச் சேர்க்கைக்குப் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் தொலைவுக்குள் வசிப்போர் முன்னுரிமை பெறுவர். ஆண்டு வருமானம் 2 இலட்சம் ரூபாய்க்குக் குறைந்தோர் நலிவடைந்த பிரிவினர். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருடன், ஆதரவற்ற குழந்தைகள், எச்.ஐ.வி. பாதிப்புக்குள்ளானோர், மூன்றாம் பாலினத்தவர், துப்புரவுப் பணியாளரின் குழந்தைகள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் ஆகியோர் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினர். இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடைபெறும்.

இந்நடைமுறையின் மூன்று கூறுகள் கருதத்தக்கவை. முதலாவது, தொலைவு. 1 கிலோமீட்டர் எல்லை சிறு குழந்தையின் பயணச் சுமையைக் குறைக்கிறது. ஆயினும் வசதி படைத்தோர் குடியிருப்பில் அமைந்த பள்ளிக்கு அருகில் ஏழைகள் வாழ்வது அரிது. வீட்டு வாடகை உயர்ந்த பகுதியில் தொலைவு விதியே மறைமுகமான வருமான விதியாகிவிடுகிறது.

இரண்டாவது, பிரிவின் அகலம். ஒரு பிரிவுக்குச் சமூகச் சான்றும் மற்றதற்கு வருமானச் சான்றும் வேண்டப்படுகின்றன. தமிழ்நாட்டு மக்களுள் பெரும்பான்மையோர் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆதலால் தகுதியுடையோர் திரள் மிகப் பெரிதாகிறது. குலுக்கல் அனைவருக்கும் சமவாய்ப்பு அளிக்கிறது. ஆனால் தினக்கூலியின் குழந்தையும் நிலையான ஊதியம் பெறுபவரின் குழந்தையும் ஒரே பெட்டியில் இடப்படும்போது அச்சமவாய்ப்பு நலிந்தோர் பக்கம் சாய்வதில்லை.

மூன்றாவது, அறிதல். விண்ணப்பம் இணையவழியில் கோடை விடுமுறையை ஒட்டிக் குறுகிய காலத்திற்கே பெறப்படுகிறது. அதற்குள் பிறப்புச் சான்று, இருப்பிடச் சான்று, சாதி அல்லது வருமானச் சான்று ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். வயதுச் சான்று இல்லையெனச் சேர்க்கையை மறுக்கக் கூடாது எனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறினும், பிற சான்றுகளுக்காக அலைவது பெற்றோரின் கூலி நாள்களை விழுங்குகிறது. வாடகை ஒப்பந்தமின்றிக் குடியிருப்போரும், புலம்பெயர்ந்து வந்த தொழிலாளரும் குலுக்கலுக்கு முன்னரே விலகிவிடுகின்றனர்.

ஈட்டுத்தொகையும் அதன் விளைவும்

சேர்ந்த குழந்தைக்காக அரசு பள்ளிக்கு ஈட்டுத்தொகை வழங்குகிறது. அரசு தன் பள்ளியில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, தனியார் பள்ளியின் உண்மைக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே வழங்கப்படும். உயர் கட்டணப் பள்ளிக்கு இது இழப்பு. குறைந்த கட்டணப் பள்ளிக்கு உறுதியான வருவாய். ஆகவே ஒரே சட்டம் முன்னதிடம் தயக்கத்தையும் பின்னதிடம் ஆர்வத்தையும் தூண்டுகிறது.

தொகை காலத்தில் வராதபோது சுமை பெற்றோர் மேல் இறங்குகிறது. பாடநூல், சீருடை, ஊர்தி, தனிப்பயிற்சி எனப் பல பெயர்களில் பணம் கேட்கப்படுவதுண்டு. தொடக்கக் கல்வியை முடிப்பதற்குத் தடையாகும் எச்செலவையும் குழந்தையிடம் பெறலாகாது என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு. ஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையின் சீருடை, பாடநூல் உள்ளிட்ட செலவுகளை அரசே ஏற்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றமும் 2023இல் கூறியுள்ளது.

2025ஆம் ஆண்டின் நிகழ்வுகள் இவ்வமைப்பின் நொய்ம்மையை உணர்த்தின. தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான கருத்துவேறுபாட்டை ஒட்டி, ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டுக்குரிய ஒன்றிய அரசின் நிதி விடுவிக்கப்படவில்லை. அவ்வாண்டு கோடையில் ஒதுக்கீட்டுச் சேர்க்கை தொடங்கவில்லை. ஒன்றிய நிதி வராமையைக் காட்டி மாநில அரசு தன் கடமையிலிருந்து விலக இயலாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் ஜூன் மாதத்தில் கூறியது. நிதி விடுவிக்கப்பட்டு, அக்டோபரில் நடைமுறை தொடங்கியபோது வகுப்புகள் தொடங்கி நான்கு மாதங்கள் கடந்திருந்தன. ஏற்கெனவே பள்ளியில் சேர்ந்திருந்தோருள் தகுதியுடையோரே கணக்கில் கொள்ளப்பட்டனர். ஜூன் மாதத்தில் கட்டணம் செலுத்த இயன்றவர் அக்டோபரில் பயன்பெற்றார். அப்போது செலுத்த இயலாதவருக்கு, அதாவது சட்டம் யாருக்காக இயற்றப்பட்டதோ அவருக்கு, வாயில் திறக்கவில்லை.

வகுப்பறைக்குள் உள்ளடக்கம்

ஒதுக்கீட்டில் சேர்ந்தோரை வகுப்பறையில் பிரித்து அமர்த்தலாகாது. அவர்களுக்கென வேறு இடத்திலோ வேறு நேரத்திலோ வகுப்பு நடத்தலாகாது. நூலகம், விளையாட்டு, கணினி வசதிகளில் வேறுபாடு காட்டலாகாது என 2010ஆம் ஆண்டின் ஒன்றிய விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. விதியில் இதனை எழுத நேர்ந்தமையே பிரிவினைக்கான சாய்வு எத்துணை வலியது என்பதற்குச் சான்று.

ஏழைக் குழந்தைகளைச் சேர்த்தால் தம் குழந்தையின் கல்வி தாழும் என்பது கட்டணம் செலுத்தும் பெற்றோர் சிலரின் அச்சம். இதனைத் தில்லிப் பள்ளிகளில் ஆராய்ந்த பொருளியல் அறிஞர் கௌதம் ராவ், 2019இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஏழைச் சகமாணவரோடு பயின்ற வசதியான மாணவரிடம் ஈகைக்குணம் மிகுந்திருந்தது. ஏழைகளை ஒதுக்கும் போக்கு குறைந்திருந்தது. மதிப்பெண்ணில் ஏற்பட்ட மாற்றம் பொதுவாகச் சிறிதே. ஆங்கிலப் பாடத்தில் மட்டும் ஓரளவு சரிவு காணப்பட்டது. இச்சரிவை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் ஆங்கிலம் கேளாத குழந்தைக்கு முதல் ஈராண்டில் தாய்மொழி வழியாகத் துணைப்பயிற்சி அளிப்பது பள்ளியின் கடமை என்பதையே அது சுட்டுகிறது.

எட்டாம் வகுப்போடு உரிமை முடிவது மற்றொரு சிக்கல். ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் செலுத்த இயலாத மாணவர், பத்து ஆண்டுகள் பழகிய பள்ளியையும் தோழரையும் விட்டுப் பொதுத்தேர்வுக்கு ஈராண்டே எஞ்சியிருக்கும் நிலையில் வேறு பள்ளிக்கு மாற நேர்கிறது.

பள்ளியை மதிப்பிடும் அளவுகோல்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில், ஒரு தனியார் பள்ளியின் உள்ளடக்கும் தன்மையை ஆறு வினாக்களால் அளக்கலாம். இவை ஆய்வாளருக்கும் பெற்றோருக்கும் ஒருங்கே பயன்படுவன.

1. நுழைவுநிலை வகுப்பின் மொத்த இடங்களும் ஒதுக்கீட்டு இடங்களும் பள்ளி வாயிலில் அறிவிக்கப்பட்டுள்ளனவா?
2. ஏனைய இடங்களுக்குக் குழந்தையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்கிறதா?
3. கட்டண நிர்ணயக் குழு வகுத்த கட்டணத்திற்கு அப்பால் எவ்வெப்பெயர்களில் பணம் பெறப்படுகிறது?
4. ஒதுக்கீட்டுக் குழந்தைகள் எல்லாப் பிரிவுகளிலும் கலந்து அமர்த்தப்பட்டுள்ளனரா?
5. சாய்தளம், ஏற்ற கழிப்பறை, சிறப்பாசிரியர் என மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குரிய ஏற்பாடுகள் உள்ளனவா?
6. எல்.கே.ஜி.யில் ஒதுக்கீட்டில் சேர்ந்தோருள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை அங்கேயே முடித்தனர். ஒன்பதாம் வகுப்பில் அவர்களுக்கு என்ன வழி?

இவற்றுள் முதல் மூன்றும் வாயிலைப் பற்றியவை. பின் மூன்றும் உள்ளிருப்பைப் பற்றியவை. தேர்ச்சி விழுக்காட்டை விளம்பரப் பலகையில் எழுதும் பள்ளிகள் ஆறாம் வினாவின் விடையையும் வெளியிடுமாயின், பெற்றோரின் தேர்வு பொருளுடையதாகும்.

முடிவுரை

தனியார் பள்ளிகளிடையே தேர்ந்தெடுக்கும் உரிமை, பணம், இருப்பிடம், தகவல் ஆகியவை உடையவருக்கே முழுமையாக வாய்க்கிறது. 25 விழுக்காட்டு ஒதுக்கீடு அவ்வுரிமையில் ஒரு பங்கைப் பிறருக்கும் அளிக்க முயல்கிறது. விண்ணப்பக் காலத்தை நீட்டித்தல், வருவாய்த்துறையிடம் உள்ள விவரங்களைக் கொண்டே தகுதியை உறுதிசெய்தல், மிக நலிந்தோருக்குக் குலுக்கலில் முதற்சுற்று அளித்தல், ஈட்டுத்தொகையைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வழங்குதல், உரிமையைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டித்தல் ஆகியன அம்முயற்சியை வலுப்படுத்தும். நான்கு வயதுக் குழந்தைக்குப் பள்ளிச் சேர்க்கை மறுமுறை வாய்ப்பதில்லை. அரசுகளுக்கிடையிலான வழக்கு ஓராண்டு நீளலாம். அவ்வோராண்டு அக்குழந்தைக்கு மீளாது. சேர்க்கைக் கொள்கையை வகுப்போர் முதலில் கருத வேண்டியது இக்கால வேறுபாட்டையே.