ஈறு அறுவைப் புண்ணில் கிராம்பு வைக்கலாமா?

நெகிரி செம்பிலான் தோட்டத்து லயங்களில் பல் வலி என்றால் பாட்டிமார் கிராம்பை நசுக்கிச் சொத்தைப் பல்லில் வைப்பார்கள். வலி அடங்கும். கிராம்பிலுள்ள யூஜெனால் நரம்பை மரக்கச் செய்வதே காரணம். அதே யூஜெனாலைத் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து, ஈறு அறுவைப் புண்ணை மூடும் காப்புப் பூச்சை 1923இல் அறிமுகப்படுத்தினார் அமெரிக்கரான வார்ட்.

ஆனால் வெட்டுப்பட்ட ஈற்றில் யூஜெனால் எரியும், திசுவை உறுத்தும். அதனால் இன்று பெரும்பாலும் யூஜெனால் கலக்காத பூச்சுதான். பிசைந்த மாவுபோல் பல்லிடுக்குகளில் அழுத்தி வைப்பார்கள். புண்ணை ஆற்றுவது உடம்பு. சோற்றுப் பருக்கையும் நாக்கும் படாமல் மறைப்பதே பூச்சின் வேலை. உறைந்த இரத்தத்துக்கு அடியில், ஓரத்திலிருந்து புதுத்தோல் நாளுக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் ஊர்ந்து மூடும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் பூச்சை எடுத்துவிடுவார்கள்.

மஞ்சளின் குர்குமின் அழற்சியைத் தணிக்கக்கூடியது. அதைக் களிம்பாக்கி ஆய்வாளர்கள் சோதித்தும் வருகிறார்கள். அடுப்படி மஞ்சள்தூளோ கிருமி நீக்கப்படாதது, துகள் புண்ணில் சிக்கும். தயவுசெய்து அப்பாதீர்கள். பூச்சை எடுக்கும்வரை வெற்றிலை பாக்கும் வேண்டாம். பாக்கு பூச்சைப் பெயர்க்கும். கூடச் சேரும் புகையிலை ஈற்றின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, ஆறுவதைத் தாமதமாக்கும்.