கனிப்பொருள் நிரப்பியும் இறப்பரும்: வாவிக்கரைப் பிளாத்திக்குப் பொருள்கள் பற்றி ஒரு குறிப்பு

மட்டக்களப்பு வாவியின் மீன்துறைகளில் ஓலைக்கூடைகளின் இடத்தைப் பிளாத்திக்குப் பெட்டிகளும் வாளிகளும் பெரிதும் பிடித்துக்கொண்டுள்ளன. வீட்டு முற்றத்துக் கதிரையும் இவ்வினத்ததே. இவற்றுட் பல தனிப் பிளாத்திக்கினால் ஆனவையல்ல. பொலிபுரொப்பிலீன் முதலிய பல்பகுதியங்களுடன் நுண்தூளாக்கிய கல்சியங் காபனேற்றையோ தால்க்கையோ கலந்து ஆக்கப்பட்ட கூட்டுப்பொருள்கள். சிலவற்றில் இறப்பரும் சேரும்.

வன்மையான துணிக்கைகள் கலக்கப்படும்போது பொருளின் விறைப்பு, அதாவது யங்கின் மட்டு, உயரும். திரவத்தில் மிதக்கும் கோளத் துணிக்கைகள் பாகுநிலையை எவ்வாறு கூட்டும் என்பதை ஐன்ஸ்டைன் 1906 இல் ஆராய்ந்தார். 1911 இல் திருத்தப்பட்ட அச்சமன்பாட்டில் 2.5 என்னும் குணகம் வரும். கூத்து, கோல்டு ஆகியோர் அதனை நிரப்பப்பட்ட இறப்பருக்கு விரித்து, கனவளவுப் பின்னத்தின் வர்க்கத்துடன் 14.1 என்னும் குணகத்தைச் சேர்த்தனர். இதன்படி கனவளவில் பத்திலொரு பங்கு நிரப்பி இருப்பின் மட்டு ஏறத்தாழ 39 சதவீதம் கூடும். பிளாத்திக்குக்கு இக்கணிப்பு முற்றாகப் பொருந்தாதெனினும் போக்கு அதுவே.

விறைப்புக் கூடுவதால் வலிமையும் கூடும் எனக் கொள்வது தவறு. துணிக்கைக்கும் பல்பகுதியத்துக்கும் இடையிற் பிணைப்பு நலிந்திருப்பின், இழுவிசையில் இரண்டும் பிரிந்து வெற்றிடங்கள் தோன்றும். இழுவை வலிமை குறையும். துணிக்கைகள் திரளாகக் கட்டிபட்டிருப்பின் அத்திரளே வெடிப்பின் தொடக்கமாகும். தியரிக்கமிலம் பூசிய தூளைப் பயன்படுத்துவதன் நோக்கம் இத்திரட்சியைத் தடுப்பதேயாம்.

இறப்பரின் தொழில் வேறு. அதன் மட்டு பொலிபுரொப்பிலீனினதில் ஏறத்தாழ ஆயிரத்திலொரு பங்கே. எனவே விறைப்பைக் குறைக்கும். ஆயினும் நுண்ணிய இறப்பர்த் துளிகள் அடிபடும் பொருளிற் பல இடங்களிற் சிறு நெகிழ்வுகளைத் தோற்றுவித்து, தாக்கச் சத்தியை உறிஞ்சி, ஒரே வெடிப்பு ஓடிப் பிளப்பதைத் தடுக்கின்றன. விறைப்பைக் கனிப்பொருளும் உறுதியை இறப்பரும் தரட்டும் என்று இரண்டையும் சேர்ப்பது இயல்பான எண்ணமே. ஆனால் விளைவு, இரண்டும் தனித்தனியே பரந்துள்ளனவா, அன்றி இறப்பர் கனிப்பொருளைப் போர்த்துள்ளதா என்பதைப் பொறுத்தது. போர்த்துவிடின் துணிக்கை மெல்லுறை பூண்ட கல்லாகி, பெரும்பாலும் இறப்பர் போலவே நடந்துகொள்ளும்; விறைப்புப் பயன் பெரிதும் வீணாகும். சேர்மானத்தின் சதவீதத்தை மட்டும் அறிந்தவர் பொருளை அறிந்தவராகார்.

வாவிக்கு முக்கியமானது அடர்த்தியே. பொலிபுரொப்பிலீனின் அடர்த்தி ஏறத்தாழ 0.90, கல்சைற்றினது 2.71. எனவே நிறைப்படி சுமார் 15 சதவீதம் நிரப்பி சேர்ந்ததுமே கலவை நல்லநீரின் அடர்த்தியை எட்டும். மேற்கூறிய பத்திலொரு கனவளவு, நிறைப்படி ஏறத்தாழ 25 சதவீதம். அக்கலவையின் அடர்த்தி 1.08. உவர்நீரிலும் அது அமிழும். உடைந்து வாவியில் வீழ்ந்த துண்டு கரையொதுங்காது; சேற்றிற் கிடக்கும். கரையில் மிதந்து வருவதைப் பொறுக்குவோர் கண்ணில் அது படாது.

மீள்சுழற்சியிலும் இதே இடர் உண்டு. நீரில் மிதப்பன பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும், அமிழ்வன போத்தற் பிளாத்திக்கும் பீவீசீயும் என்று பிரிக்கும் எளிய முறை, நிரப்பி மிகுந்த கதிரையிடம் தோற்றுவிடும். 2017 செப்டெம்பரில் இலங்கை அரசு பொலித்தீன் பைகள், உணவுத் தாள்கள் முதலியவற்றைத் தடைசெய்தது. தடித்த பொருள்களைப் பொறுத்தவரை, நிரப்பியின் அளவைப் பொருளின் அடியிற் பொறிக்கச் செய்வது தடையிலும் பயன்மிக்கது என்பது எம் கருத்து. சுண்ணத்தூள் மலிவானது, வாங்குவோர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்பதையேனும் அறிய உரிமையுடையவர்.

இங்கு சுண்ணம் உண்டே, அதையே நிரப்பியாக்கலாமே என்று சிலர் கேட்பர். கல்குடாக் கரையில் முருகைக்கல் அகழ்ந்து சுட்ட வரலாறு நாம் அறிந்ததே. சுட்ட சுண்ணாம்பு இதற்கு உதவாது. சுடாத காபனேற்றே வேண்டும். அதற்காகக் கரைகாக்கும் முருகையைத் தொடவேண்டியதில்லை. மாத்தளைப் பக்கத்துச் சுண்ணக்கற் பாறைகள் உள்ளன.

கையிலுள்ள பொருளைச் சோதிக்க ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பொலிபுரொப்பிலீன் என முத்திரையிட்ட உடைந்த கதிரையின் சிறு துண்டை, காற்றுக்குமிழி ஒட்டாதிருக்கச் சவர்க்காரம் ஒரு துளி கலந்த நல்லநீரில் அமிழ்த்தி விடுக. எழுந்து மிதப்பின் நிரப்பி இல்லை, அல்லது குறைவு. அடியிலேயே தங்கின் அதன் நிறையில் ஏழிலொரு பங்குக்குக் குறையாதது கல்.